கிரேக்கம் படித்தால் சோறு கிடைக்குமா?

ராத்திரி பதினொரு மணிக்கு லண்டனிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, யாருக்கோ உடம்பு சரியில்லை. இரண்டு, அத்தானுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. அன்றைக்கு வந்தது இரண்டாவது ரகம்.

"மாப்ளே, நீதான் அவகிட்டே பேசணும். நீ பி.காம். படிச்சவன். கணக்குப் போட்டு நாலு வார்த்தை சொன்னா கேப்பா."

"என்ன அத்தான், லவ்வா?"

"லவ்வா இருந்தாக்கூடப் பரவாயில்லையேடா! பையன் யாருன்னு விசாரிச்சு, சரி கட்டி வெச்சுட்டுப் போயிடலாம். இது அதைவிட மோசம். காலேஜ்ல கிளாஸிகல் சிவிலைசேஷன் படிக்கப் போறாளாம்!"

அக்கா மகள் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. பதினேழு வயது. கணக்கில் கெட்டி. அவளை டாக்டராக்குவது என்று அவள் நடை பழகுவதற்கு முன்பே அத்தான் முடிவு செய்து வைத்திருந்தார். பிறகு, ரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு மயக்கம் வருகிறது என்று தெரிந்ததும், பெரிய மனசு பண்ணி கம்ப்யூட்டருக்கு இறங்கி வந்தார். அதற்குக் கீழே இறங்க அவரிடம் படிக்கட்டு இல்லை. அவள் என்னடாவென்றால் இரண்டாயிரத்து ஐநூறு வருஷம் பின்னால் போய் கிரீஸிலும் ரோமிலும் நிற்கிறாள்.

அப்பாவும் மகளும் பேசிப் பத்து நாளாகிறதாம். உப்பு வேண்டுமென்றால்கூட நடுவில் அக்காதான் தூது. ஜனவரி நடுவுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "என்னடா, கிரேக்கம்னு காதுல விழுந்துச்சே? அந்த ஊர்லயா மாப்பிள்ளை பார்த்திருக்கா?"

* * *

சனிக்கிழமை பேசுவதாக ஒப்புக்கொண்டேன். நடுவில் நாலு நாள். எதிரியின் பலம் தெரியாமல் களத்தில் இறங்கக்கூடாது என்பதால் அந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தேன்.

இதில் இரண்டு வகை இருக்கிறது. கிளாஸிக்ஸ் என்று சொன்னால் பண்டைய கிரேக்க மொழியையும் லத்தீனையும் மூலத்திலேயே படித்தாக வேண்டும். ஆக்ஸ்போர்டில் இதற்கு 'லிட்டரே ஹ்யூமனியோரஸ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு வருஷப் படிப்பு. பெயரைச் சொல்லி முடிக்கவே அரை வருஷம் ஆகும் போலிருக்கிறது. கிளாஸிகல் சிவிலைசேஷன் என்பது இதன் தங்கை. மொழி கட்டாயமில்லை. ஹோமரையும் பிளேட்டோவையும் மொழிபெயர்ப்பிலேயே படித்துவிட்டு அவர்கள் சரித்திரம், நாடகம், தத்துவம், சிற்பம், புதைபொருள் எல்லாவற்றையும் சேர்த்துக் கற்கலாம். வார்விக் மாதிரிப் பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரிலேயே பட்டம் உண்டு. பள்ளியில் ஏ லெவல் பாடமாகவும் இது இருக்கிறது. பாப்பாவின் பள்ளி அரசுப் பள்ளி. அங்கே லத்தீன் கிடையாது, இது உண்டு. அங்கேதான் வினை ஆரம்பித்திருக்கிறது.

அடுத்து என் துறைக்கு வந்தேன். இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்குக் கட்டணம் வருஷத்துக்கு 9,535 பவுண்டு. மூன்று வருஷத்துக்கு 28,605. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். ஒரு வெள்ளைத்தாளில் இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு என்று கோடு போட்டேன். வலது பக்கம் காலியாகவே இருந்தது. ஜெயம் நமக்கே!

* * *

சனிக்கிழமை அவளே போன் பண்ணினாள்.

"மாமா, அப்பா உங்களை ஏவிவிட்டிருக்காங்க. தெரியும். ஆரம்பிங்க."

"அப்படியெல்லாம் இல்லே கண்ணு. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். செத்துப்போன ஊர்க் கதையைப் படிச்சு என்ன செய்யப் போறே?"

"எலெக்‌ஷன்ல கள்ள ஓட்டு போடறதைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா மாமா?"

இதென்ன கேள்வி? நான் தமிழ்நாட்டில் அல்லவா இருக்கிறேன்!

அவள் சொன்ன கதை இது. ஏதென்ஸ் நகரத்தில் ஒரு வினோதமான தேர்தல் உண்டு. ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல, ஊரைவிட்டுத் துரத்துவதற்கு! எந்தத் தலைவருக்காவது தலைக்கனம் ஏறிவிட்டது, ஆபத்தானவர் என்று ஜனங்கள் நினைத்தால் உடைந்த பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடுகள் சேர்ந்துவிட்டால், அதிக ஓடு வாங்கியவர் பத்து வருஷம் ஊருக்குள் தலைகாட்டக் கூடாது. சொத்தைப் பிடுங்க மாட்டார்கள், ஆள்தான் போக வேண்டும்.

"நல்ல ஏற்பாடாத்தானே இருக்கு!" என்றேன். சில முகங்கள் மனசுக்குள் வந்து போயின.

"இருங்க மாமா. 1937-ல ஏதென்ஸ்ல ஒரு பழைய கிணத்தைத் தோண்டினாங்க. சுமார் 190 ஓடு கிடைச்சது. எல்லாத்துலேயும் ஒரே பேரு, தெமிஸ்டக்ளீஸ். பாரசீகப் படையெடுப்பிலேருந்து ஊரைக் காப்பாத்தினவர். கையெழுத்தைப் பார்த்தா மொத்தமே பதினாலு பேர்தான் எழுதியிருக்காங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எதிர்க்கட்சிக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே ஓடுகளில் எழுதி, 'இந்தாப்பா, நீ எழுதி சிரமப்படாதே' என்று கொடுக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள்! தீர்ந்து போகாமல் மிச்சம் விழுந்ததைக் கிணற்றில் கொட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. பணப்பட்டுவாடா நடந்ததா என்று கேட்டேன். அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றாள். ஆக, அந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னேறியிருக்கிறோம்.

"ஜனநாயகத்தைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான், அதுல தில்லுமுல்லு பண்ண ஆரம்பிச்சதும் அவங்கதான். பொம்பளைங்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே ஓட்டே கிடையாது. எது சரியாப் போச்சு, எது கெட்டுப் போச்சுன்னு மொதல்லேருந்து பார்க்கலாம் மாமா. அதான் படிப்பு."

* * *

பேச்சு கைநழுவிப் போவதை உணர்ந்து வெள்ளைத்தாளை எடுத்தேன்.

"அதெல்லாம் சரி. நான் காமர்ஸ்காரன். எனக்குப் புரியற பாஷையில பேசு."

பேசினாள். டெமாஸ்தனீஸ் என்று ஒரு பேச்சாளர், கி.மு. நாலாம் நூற்றாண்டு. கோர்ட் வழக்குகளுக்கு வாதம் எழுதிக் கொடுப்பது அவர் தொழிலில் ஒரு பகுதி. அவர் பெயரில் வந்திருக்கும் ஒரு வழக்கில் ஒரு கடன் பத்திரம் அப்படியே இருக்கிறது. வியாபாரிகள் ஏதென்ஸில் 3,000 டிராக்மா கடன் வாங்கி, கருங்கடல் வரை கப்பலில் போய்ச் சரக்கு விற்றுத் திரும்ப வேண்டும். அடமானம் 3,000 ஜாடி ஒயின். வட்டி, ஆயிரத்துக்கு 225. கப்பல் மூழ்கிப் போனால் கடனைத் திருப்பித் தர வேண்டாம்.

"அதாவது, கடனும் இன்ஷூரன்ஸும் ஒண்ணா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அதேதான். அதுக்கப்புறம் ஒரு ஷரத்து இருக்கு. ஆர்க்டுரஸ் நட்சத்திரம் உதிச்சதுக்கு அப்புறம் கருங்கடலை விட்டுக் கிளம்பினா ஆயிரத்துக்கு 300. ஏன்னா அது செப்டம்பர் நடுவுல. அப்புறம் கடல்ல புயல் காலம்."

பி.காம்.மில் மூன்று வருஷம் 'ரிஸ்க்' பற்றி மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆபத்து ஏறினால் வட்டி ஏறும் என்பதை இவ்வளவு அழகாக எந்த லெக்சரரும் எனக்குச் சொன்னதில்லை. நட்சத்திரத்தைப் பார்த்து வட்டி போட்டிருக்கிறான்!

"ஆர்க்டுரஸ்னா எது தெரியுமா மாமா? நம்ம சுவாதி நட்சத்திரம். அப்பாவோட நட்சத்திரம்."

சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினாள். பத்து நாளாகப் பேசாத அப்பா. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"சரி, அந்தக் கேஸ் என்ன ஆச்சு?"

"கடன் வாங்கினவங்க 3,000 ஜாடின்னு எழுதிக் கொடுத்துட்டு 500 ஜாடிகூடக் கப்பல்ல ஏத்தலைன்னு புகார்."

ஆகா! எந்த வங்கி மேனேஜரும் இந்தக் கதையைக் கேட்டால் கண்ணீர் விடுவார்.

அத்தோடு விடவில்லை. அடுத்து நம்ம ஊருக்கே வந்துவிட்டாள். வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு கிழிந்த பாப்பிரஸ் தாள் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. கிரேக்க மொழி. 1985-ல்தான் அறிஞர்கள் படித்து வெளியிட்டார்கள். ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம், அதில் 'முசிறி' என்று ஊர்ப் பெயர். ஆமாம், சேர நாட்டு முசிறிதான். மறுபக்கம் 'ஹெர்மபோலன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. கங்கைப் பக்கத்து வாசனைத் தைலப் பொருள், யானைத் தந்தம் என்று எடை போட்டு, விலை போட்டு, 25 சதவீதம் சுங்க வரி கழித்து எழுதி வைத்திருக்கிறார்கள். வரி போக மதிப்பு, ரோமானியக் காசில் ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ்.

"அன்னிக்கு ரோமானியச் சிப்பாய்க்கு வருஷச் சம்பளம் 1,200 செஸ்டர்ஸ்" என்று எடுத்துக் கொடுத்தாள். வெள்ளைத்தாளின் மூலையில் வகுத்துப் பார்த்தேன். ஐயாயிரத்து எண்ணூறு சிப்பாய்களுக்கு ஒரு வருஷச் சம்பளம். ஒரு லெஜியன் படையே சுமார் ஐயாயிரம் பேர்தான். ஒரே ஒரு கப்பல்! இந்தியாவுக்கு வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போய்க்கொண்டிருக்கிறது என்று பிளினி என்கிற ரோமானியர் கி.பி. 77 வாக்கில் அங்கலாய்த்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அன்றைக்கே அன்னியச் செலாவணிப் பிரச்னை!

முசிறிக்கு வந்த யவனர் கப்பலைப் பற்றி நம் பக்கத்துச் செய்தி சங்கப் பாட்டில் இருக்கிறது. அவர்கள் பக்கத்துக் கணக்கு கிரேக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா?

* * *

"வேணும் கண்ணு. ஆனா அந்த ஆளுக்கு சோறு யார் போடுவா?"

இது என் கடைசி அஸ்திரம். அவள் அதற்கும் தயாராக இருந்தாள்.

டோனி ஹோர் என்ற பெயரை கம்ப்யூட்டர் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1934-ல் கொழும்பில் பிறந்தவர். 'குவிக்சார்ட்' என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர். 1980-ல் டூரிங் விருது வாங்கினார். அவர் ஆக்ஸ்போர்டில் படித்தது என்ன? கிரேக்கமும் லத்தீனும் தத்துவமும்! ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங், பெற்றோருக்காக ஜெர்மன் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் கிளாஸிக்ஸ் வகுப்புக்கு ஓடிவிட்டதாக 2008-ல் ஹார்வர்ட் மேடையில் அவரே சொன்னார். நோபல் பரிசு பெற்ற டோனி மாரிஸன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தோடு இதைத் துணைப்பாடமாகப் படித்தவர்.

"ஹோவர்ட்ல அந்த டிபார்ட்மென்ட்டையே கலைக்கப் போறதா 2021-ல அறிவிச்சாங்களே?" என்று மடக்கினேன். நாலு நாள் சும்மாவா படித்தேன்!

"ஆமா மாமா. ஆபத்துதான். இங்கே அரசுப் பள்ளிகள்ல லத்தீன் சொல்லிக் கொடுக்க 2021-ல ஒரு திட்டம் அறிவிச்சாங்க. 2025 பிப்ரவரியில பாதியிலேயே நிறுத்திட்டாங்க. மறைக்கலை. பேராசிரியர் ஆவேன்னும் நான் சொல்லலை. ஆனா இங்கே சட்டம் படிக்க எந்தப் பட்டமானாலும் போதும். சார்ட்டர்டு அக்கவுண்டன்ஸி பயிற்சிக்குக்கூட அப்படித்தான். அப்பா ஆபீஸ்லயே சரித்திரம் படிச்சவங்க இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

அத்தான் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார்!

கட்டணக் கடன் கணக்கையும் அவளே பிரித்து வைத்தாள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேருகிறவர்களுக்கு, வருஷ வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 சம்பாதித்தால் வருஷம் 450. நாற்பது வருஷத்தில் தீராதது தள்ளுபடி. "வீட்டுலேருந்தே போய் வர்ற காலேஜுக்கும் போடறேன். ஹாஸ்டல் செலவு மிச்சம்" என்றாள். என் வெள்ளைத்தாளின் வலது பக்கத்தை அவள் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு கோபம் பாக்கி இருந்தது. அதையும் கேட்டேன். 1854-ல் மெக்காலே தலைமையில் ஒரு குழு, இந்தியாவை ஆளும் ஐ.சி.எஸ். பரீட்சைக்கு மதிப்பெண் பட்டியல் போட்டது. கிரேக்கத்துக்கு 750. லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழ்? பட்டியலிலேயே இல்லை. நம்மை ஆள்வதற்கு நம் பாஷை வேண்டாம், ஹோமர் போதும் என்று வைத்தவர்கள்! அந்தப் படிப்பையா நீ படிக்க வேண்டும்?

உடனே பதில் வரவில்லை. வந்தபோது குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"எங்க ஊர்ல இன்னிக்கும் லத்தீன் பெரும்பாலும் பணக்காரங்க படிக்கிற ஸ்கூல்லதான் மாமா. மத்தவங்களுக்கு இது எதுக்குன்னு கேக்கறாங்க. அப்பாவும் அதையேதான் கேக்கறாங்க. ஏன், எனக்கு மட்டும் இது எதுக்குன்னு?"

சுரீரென்றது.

அரிக்கமேடு நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை மேடு. அங்கே பானை ஓடும் பாசிமணியும் கிடைப்பது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். பிரெஞ்சுக்காரர்களும் தோண்டிப் பார்த்தார்கள். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டியபோதுதான் அங்கே கிடைத்த சிவப்பு மண்பாண்டம் இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கத்துச் சரக்கு என்பது நிலைநாட்டப்பட்டது. அதன் காலம் தெரியும் என்பதால், அதோடு சேர்ந்து புதைந்து கிடந்த நம் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு ஆணி கிடைத்தது. வீலர் லண்டனில் பட்டம் வாங்கிய பாடம் எது? கிளாஸிக்ஸ்தான்! அவர் சொன்ன எல்லாமும் நிற்கவில்லை. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று 1989 முதல் 1992 வரை நடந்த அகழாய்வு திருத்தியது. தப்பைத் திருத்துவதற்கும் அதே பானை ஓட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைப் படிக்கிற ஆள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன குறைந்துவிடும்?

* * *

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூ முடித்தபோது நான் கேட்டது பி.ஏ. சரித்திரம். அப்பா அதட்டவில்லை, கத்தவில்லை. "சரித்திரம் படிச்சவன் சரித்திரத்துலதான் இருப்பான்" என்று ஒரே வரி சொல்லி, பி.காம். ஃபாரத்தை அவரே நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். பாலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் டாலி ஆகும்வரை என்னை விடவில்லை அந்தப் படிப்பு. கெட்ட படிப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தப் பத்திரிகைகள் தரும் சன்மானத்தில் குடும்பம் நடத்துவதற்கு அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் இந்த முப்பத்தாறு வயதிலும் பழைய கோயில் கல்வெட்டைப் பார்த்தால் நின்றுவிடுகிறேன். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமல் தடவிப் பார்த்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறேன்.

அன்று என்னிடம் யாராவது நாற்பது நிமிஷம் போனில் பேசியிருந்தால்?

அத்தானுக்குப் போன் போட்டேன். "என்ன மாப்ளே, மனசு மாறிட்டாளா?"

"அவ மாறலை அத்தான். நான் மாறிட்டேன்."

மறுமுனையில் மௌனம். அது எத்தனை பவுண்டுக்கான மௌனம் என்று எனக்குத் தெரியும். உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். கம்ப்யூட்டர் படித்தவனுக்கும் இன்றைக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சொன்னேன். பிடிக்காத படிப்புக்கும் கட்டணம் அதே 9,535 பவுண்டுதான் என்றேன். கடைசியில், "ரிஸ்க்கைப் பத்தி அவகிட்டே கேளுங்க அத்தான். உங்க கம்பெனி ஆளுங்களுக்கே பாடம் எடுப்பா. சுவாதி நட்சத்திரம்னு ஆரம்பிச்சுக் கேளுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

நாலு நாள் தகவல் இல்லை. ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன். பயந்துகொண்டே எடுத்தேன்.

"மாப்ளே, அப்ளிகேஷன் போட்டாச்சு. அஞ்சு இடத்துல நாலு அவ கேட்டது, ஒண்ணு என் திருப்திக்கு. அது போகட்டும்…" அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏன்டா, என் நட்சத்திரம் உதிச்சதுக்கப்புறம் கப்பல் கிளம்பினா வட்டி ஏழரை பர்சென்ட் ஏத்திட்டானாமே அந்தப் பாவி? நாளைக்கு ஆபீஸ்ல சொல்லணும். அந்த ஒயின் ஜாடி எத்தனைன்னு சொன்னா? மறந்து போச்சு. இரு, இரு… பாப்பா! இங்கே வா! மாமா லைன்ல இருக்கான்!"